சிறார் நெருக்கடிக்கால மனநல உள்நோயாளர் சிகிச்சை

தற்கொலை எண்ணம், கட்டுக்கடங்காத கொந்தளிப்பு போன்ற நெருக்கடியில் உள்ள சிறாரை மருத்துவமனையில் சிறிது காலம் தங்கவைத்து அளிக்கப்படும் சிகிச்சை இது. நோயை முழுதும் தீர்ப்பதன்று, ஆபத்தைத் தணித்து வீட்டுக்கு அனுப்புவதே முதல் நோக்கம்.

இந்தியாவில் இது மனநலப் பராமரிப்புச் சட்டம், 2017-இன்படி நடைபெறுகிறது. மனநல மருத்துவர் ஒருவர் உட்பட இருவர் தனித்தனியே பரிசோதித்து, சேர்க்கை தேவை எனக் கருத வேண்டும். 18 வயதுக்குட்பட்டோரைப் பெரியவர்களுடன் தங்கவைக்கக் கூடாது. பெற்றோரோ பாதுகாவலரோ, அவர் அமர்த்தும் உதவியாளரோ சிகிச்சை முடியும்வரை உடன் தங்குவது கட்டாயம். கூலி வேலைக்குச் செல்லும் குடும்பத்துக்கு இது பெரும் சுமை. ஆனால் பழக்கமற்ற இடத்தில் தனியே விடப்படும் குழந்தை மேலும் மிரளும். வீட்டில் எப்படிக் கவனித்துக்கொள்வது என்பதைப் பெற்றோர் கற்பதும் அந்நாட்களில்தான்.

சேர்க்கையை 72 மணி நேரத்துக்குள் மனநல மீளாய்வு வாரியத்துக்குத் தெரிவிக்க வேண்டும்; 30 நாட்களைக் கடந்தால் மீண்டும் தெரிவிக்க வேண்டும். பெற்றோர் கோரினால் குழந்தை விடுவிக்கப்படும்.