ஈஸ்டும் ஓர் உயிரே

சமையற் பள்ளியொன்றில் ரொட்டி சுடக் கற்கச் சென்றேன். அவசரத்தில் ஈஸ்டைக் கொதிநீரில் கரைத்துவிட்டேன். மாவு உப்பவில்லை, ரொட்டி கல்லாயிற்று. விஞ்ஞான மாணவன் செய்யும் வேலையா இது!

ஈஸ்ட் உயிருள்ள நுண்காளான். மாவிலுள்ள சர்க்கரையை உண்டு கரியமில வாயுவை வெளிவிடுகிறது. பிசைந்த கோதுமை மாவில் குளூட்டன் என்னும் புரதம் வலைபோல் நின்று அவ்வாயுவைச் சிறைப்படுத்த, மாவு உப்புகிறது. ஈஸ்டுக்கு 30 டிகிரி சென்டிகிரேட் அளவு வெப்பம் உகந்தது. 60 டிகிரியில் மடிந்துவிடும்.

இந்த 60 எனக்குப் புதிதன்று. வட ஆர்க்காட்டிலிருந்து வந்த என் பாட்டனார் உழைத்த சாம்பியன் ரீப்ஸ் தங்கச் சுரங்கம், 2001இல் மூடப்பட்டது, 3 கிலோமீட்டருக்கும் மேல் ஆழமுடையது. அடியில் பாறையின் வெப்பம் 60 டிகிரிக்கும் அதிகம். மேலிருந்து குளிர்ந்த காற்றைச் செலுத்தினால்தான் மனிதர் அங்கே வேலை செய்ய முடிந்தது.

மறுநாள் வெதுவெதுப்பான நீரில் கரைத்தேன், மாவு இருமடங்காயிற்று. நண்பர்களே, கை பொறுக்கும் சூடே ஈஸ்டுக்கும் போதும்.