கடல் அடைபடும் காலம்

மீனவர் வாழ்க்கையைப் பற்றிய பாடம் ஒன்றை நான்காம் ஆண்டு வகுப்பில் நடத்திக்கொண்டிருந்தபோது மாணவன் ஒருவன் எழுந்து, "ஐயா, மழைக்காலத்தில் கடலுக்குப் போக முடியாதென்றால் அவர்கள் நான்கு மாதமும் சும்மாவா இருப்பார்கள்?" என்று கேட்டான். அவனுடைய பாட்டனார் பால்மரம் வெட்டியவர். காலையில் மழை பிடித்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லையென்றால் அன்றைக்குக் கூலி இல்லை என்பது அவன் வீட்டில் கேட்டு வளர்ந்த செய்தி. ஆகவே அவன் கேட்டது விளையாட்டுக் கேள்வியன்று. பாடநூலோ, 'பருவமழைக் காலத்தில் மீனவர்கள் வலைகளைப் பழுது பார்ப்பர்' என்ற ஒரே வாக்கியத்தோடு நின்றுவிட்டது. அந்த ஒரு வாக்கியத்திற்குள் என்னென்ன அடங்கியிருக்கின்றன என்பதை ஈண்டு சிறிது விரித்துரைக்க விரும்புகிறேன்.

நம் நாட்டின் கீழைக்கரை என்பது கிளந்தான், திரங்கானு, பகாங் ஆகிய மாநிலங்களும் ஜொகூரின் கிழக்குப் பகுதியும் சேர்ந்த கரையாகும். ஏறத்தாழ நவம்பர் தொடங்கி மார்ச்சு வரை வடகிழக்குப் பருவக்காற்று இக்கரையை நேராகத் தாக்குகிறது. மலாய் மக்கள் இதனை 'மூசிம் தெங்குஜூ' என்பர். 'தூத்தோப் குவாலா' என்று மற்றொரு பெயரும் உண்டு. குவாலா என்பது ஆறு கடலில் கலக்கும் வாய். தூத்தோப் என்றால் அடைத்தல். ஆற்று வாய் அடைபடும் காலம் என்பது பொருள். இப்பெயர் வெறும் உவமையன்று என்பதைப் பின்னர்க் காண்போம்.

இக்காற்று எங்கிருந்து வருகிறது? குளிர்காலத்தில் சைபீரியப் பெருநிலம் கடுமையாகக் குளிர்கின்றது. அங்குள்ள காற்றும் குளிர்ந்து கனத்து, அழுத்தம் மிகுந்து, தெற்கு நோக்கி வழிந்து வருகிறது. சீனக் கரையைத் தாண்டியதும் தென்சீனக் கடலின் வெப்பமான நீர்ப்பரப்பின்மேல் இரண்டாயிரம் கிலோமீட்டருக்கும் அதிகமாக ஓடி, ஈரத்தை அள்ளிக்கொண்டு நம் கரையில் வந்து மோதுகிறது. இடையில் தடுப்பார் இல்லாத அத்துணை நீண்ட நீர்வெளியில் அலைகளும் ஓட ஓட வளர்கின்றன. மூன்றரை மீட்டர் உயரமான அலை அப்பருவத்தில் அரியதன்று. சிறு படகுக்கு அதுவே போதும்.

ஆனால் ஒன்றை நினைவில் வைக்கவேண்டும். இக்காற்று நான்கு மாதமும் ஒரே சீராக வீசுவதில்லை. வடக்கே குளிர்க்காற்று திரண்டு பாயும்போதெல்லாம் இங்கே சில நாள் கொந்தளிப்பு, பிறகு சில நாள் ஓய்வு, மறுபடியும் கொந்தளிப்பு. இந்த இடை ஓய்வுதான் மீனவர் வாழ்வில் பெரிய சோதனை.

பாய்மரக் காலத்தில் கடல் அடைபட்டதற்கு அலை மட்டுமே காரணமன்று. பகலில் நிலம் கடலைவிட விரைவாகச் சூடேறுவதால் காற்று கடலிலிருந்து கரைக்கு வீசும். இரவில் நிலம் விரைவாகக் குளிர்வதால் கரையிலிருந்து கடலுக்கு வீசும். இது நாம் பள்ளி அறிவியலிலேயே சொல்லிக் கொடுப்பது. பழைய மீனவர் விடியுமுன் கரைக்காற்றில் பாய் விரித்துப் போய், பிற்பகல் கடற்காற்றில் திரும்பி வந்தனர். இரண்டு காற்றும் கூலி கேளாத இரண்டு வேலைக்காரர்கள். வடகிழக்குக் காற்று வலுத்துவிட்டாலோ கரைக்காற்று அதற்குள் அமிழ்ந்து போய்விடும். இரவும் பகலும் கடலிலிருந்தே காற்று. போவதற்கு வழி இல்லை. ஆகவேதான் தை கழியும் தறுவாயில், விடியற்காலையில் முகத்தில் அல்லாமல் முதுகில் படும் மெல்லிய காற்றை அவர்கள் அத்துணை ஆவலோடு எதிர்பார்த்தனர். கடலைப் பார்த்து நிற்கும் மனிதனின் முதுகில் காற்றுப் பட்டால் கரைக்காற்று மீண்டுவிட்டது என்று பொருள்.

இனி, அக்காத்திருப்பு எப்படிக் கழிந்தது? இதற்கு நமக்கு நல்லதொரு சான்று உண்டு. நியூசிலாந்தில் பிறந்த மானிடவியல் அறிஞர் ரேமண்ட் ஃபர்த் என்பார் 1939-40ஆம் ஆண்டுகளில் தம் மனைவியார் ரோஸ்மேரியுடன் கிளந்தானில் பாச்சோக்கை அடுத்த பெருப்போக் என்னும் மீனவர் ஊரில் தங்கி ஆராய்ந்தார். எந்த வலை எத்தனை மீன் பிடித்தது, என்ன விலைக்குப் போனது, யாருக்கு என்ன பங்கு என்று நாள்தோறும் கணக்கெடுத்தார். அந்நூல் 1946இல் வெளிவந்தது. ரோஸ்மேரி அம்மையார் அதே ஊரின் அடுப்படிக் கணக்கைத் தனி நூலாக எழுதி 1943இலேயே வெளியிட்டுவிட்டார். என் கருத்தில், கடல் அடைபட்ட காலத்தின் உண்மையை அறிய அடுப்படிக் கணக்கே சிறந்த சான்று. பானையில் அரிசி குறையும்போதுதான் பருவம் தெரியும்.

பெருப்போக்கில் அந்நாளில் சிறப்பாயிருந்தது தூக்கு வலை. கடலில் தென்னை ஓலைகளைக் கயிற்றில் வரிசையாகக் கட்டி, அடியில் கல்லும் மேலே மிதவையும் இட்டு நிறுத்துவர். நிழலையும் மறைவையும் நாடும் மீன் அங்கே கூடும். இதற்கு 'உஞ்சாங்' என்று பெயர். பல படகுகள் சேர்ந்து வலையைத் தாழ்த்தி, மீன் மேலே வந்ததும் ஒருங்கே தூக்கும். தலைவனாகிய 'ஜூரு செலாம்' நீருக்குள் தலையை அமிழ்த்தி, மீன் கூட்டத்தின் ஒலியைக் காதால் கேட்டு, எந்த மீன், எவ்வளவு, எந்தப் பக்கம் போகிறது என்று சொல்லவேண்டும். ஓலை அழுகும், அலை வந்தால் கயிறு அறும். ஆகவே பருவக்காற்று ஒருமுறை அடித்துப் போனால், கடலில் வைத்த முதல் பெரும்பாலும் போயிற்று என்றே கொள்ளவேண்டும். புதிய ஓலை, புதிய கயிறு, புதிய மூங்கில் ஆகியவற்றையெல்லாம் வருமானமற்ற மாதங்களிலேயே தேடிச் சேர்த்து வைக்கவேண்டும்.

வலையும் அப்படியே. நைலான் வருமுன் வலைகள் பருத்தி முதலிய நார்களால் ஆனவை. உப்புநீரில் விரைவில் இற்றுப்போகும். சதுப்புநில மரப்பட்டையை நீரில் காய்ச்சி, அச்சாற்றில் வலையைத் தோய்த்து உலர்த்தினால் நார் கெட்டிப்படும். தமிழ்க் கரைகளிலும் பனிச்சங்காய்ச் சாற்றைக் கொண்டு இதே வேலையைச் செய்தார்கள். படகோ, செங்கால் என்னும் வன்மரத்தால் ஆனது. பலகைக்கும் பலகைக்கும் இடையில் கெலாம் மரத்தின் தாள் போன்ற பட்டையை வைத்து இறுக்குவர். நீர் பட்டதும் பட்டை ஊதி இடுக்கை அடைத்துக்கொள்ளும். கரையில் நெடுநாள் ஏற்றிவைத்த படகில் இவை உலர்ந்து சுருங்கும் என்பதால், கடலில் இறக்குமுன் ஒவ்வோர் இடுக்கையும் தடவிப் பார்க்கவேண்டியிருந்தது. 'வலைகளைப் பழுது பார்ப்பர்' என்ற அந்த ஒரு வாக்கியத்தின் விரிவு இதுவே.

உணவுக்குக் கருவாடும், நெத்தலியை உப்பிட்டு ஊறவைத்து எடுக்கும் 'பூடு' என்னும் குழம்பும் கைகொடுத்தன. வயல் உள்ளவன் வயலுக்குப் போனான். இல்லாதவன் கிடைத்த கூலிக்குப் போனான். இதற்கும் மேற்பட்ட தேவைக்குக் கடன். கடன் கொடுப்பவர் பெரும்பாலும் மீன் வாங்கும் வணிகரே. வட்டி என்று அவர் வாயால் கேட்பதில்லை. பருவம் திறந்ததும் மீனைத் தம்மிடமே போடவேண்டும் என்பார். அவர் வைத்ததே விலை. மார்கழியில் வாங்கிய அரிசி, பங்குனியில் பிடிக்கப்போகும் மீனை இப்படி முன்கூட்டியே விலை பேசிவிடுகிறது. தோட்டக் கடையில் பற்று எழுதி, சம்பள நாளில் வெறுங்கையோடு திரும்பிய நம் முன்னோர்க்கு இக்கணக்கை விளக்கிச் சொல்லவேண்டியதில்லை.

இப்போது அந்த இடை ஓய்வுக்கு வருவோம். ஐந்தாறு நாள் சீறிய கடல் ஒரு காலையில் அடங்கிக் கிடக்கிறது. சந்தையில் மீன் இல்லை. சீனப் புத்தாண்டும் நெருங்குகிறது. விலை ஏறி நிற்கிறது. ஒரு நல்ல வலைவீச்சுக் கிடைத்தால் கடனில் பாதி தீரும். போகலாமா, வேண்டாமா? ஆழ்கடலைவிட ஆபத்தான இடம் ஆற்று வாயே. பருவக்காற்றின் அலைகள் கரையோரமாக மணலைத் தள்ளிவந்து ஆற்று வாயில் திட்டாகக் குவிக்கின்றன. உள்ளிருந்து வெள்ளம் தள்ள, வெளியிலிருந்து அலை உருண்டுவர, அத்திட்டின் மேல் நீர் உடைந்து எழும்புகிறது. காலையில் எளிதாகக் கடந்த வாயை மாலையில் கடக்க முடியாமல் படகு குறுக்கே திரும்பிக் கவிழும். கரையில் நிற்பவர்கள் கண்ணெதிரே நடக்கும் காட்சி இது. 'குவாலா அடைபட்டது' என்று அவர்கள் சொல்வதன் முழுப்பொருள் இதுதான்.

கடல் முற்றாக அடைபடுவதில்லை என்பதற்கு வரலாற்றிலும் ஒரு கசப்பான சான்று உண்டு. பருவக்காற்றுக் காலத்திலும் படைகள் கரையிறங்கக் கூடும் என்று 1937இலேயே மலாயாவின் ஆங்கிலத் தளபதி டோபி ஆராய்ந்து அறிவித்திருந்தார். 1941 டிசம்பர் 8ஆம் நாள் நள்ளிரவு கடந்த நேரத்தில், அலை மோதும் கோத்தா பாரு கரையில் ஜப்பானியப் படை இறங்கிற்று. பெருப்போக்கும் அக்கரையின் தொடர்ச்சியிலேயே உள்ளது.

ஃபர்த் 1963இல் மீண்டும் அவ்வூருக்கு வந்தார். பாய் போய் இயந்திரம் வந்திருந்தது. தூக்கு வலையின் இடத்தைச் சுருக்கு வலை பிடித்திருந்தது. காற்றைக் கேட்டுப் புறப்பட்டவன் எண்ணெய் விலையைக் கேட்டுப் புறப்படலானான். அதன் பின்னர் 1971இல் மீன்வள மேம்பாட்டு வாரியம் அமைந்தது. தோக் பாலி, செண்டெரிங் போன்ற இடங்களில் மீன் இறங்குதுறைகள் எழுந்தன. சில ஆற்று வாய்களில் கல் அணைகள் கட்டப்பட்டன. கரையை ஒட்டிய நீரைச் சிறு தொழிலாளர்க்கு விட்டு, 30 கடல் மைலுக்கு அப்பாற்பட்ட ஆழ்கடலைப் பெரிய கலங்களுக்கு ஒதுக்கும் முறையும் வந்தது. வானிலைத் துறை இப்போது காற்றின் விரைவையும் அலையின் உயரத்தையும் அளந்து படிப்படியாக எச்சரிக்கை விடுக்கிறது. பெரிய கலங்கள் ஓய்வு நாள்களைப் பயன்படுத்திக்கொள்கின்றன. சிறு படகுக்காரரின் கணக்கு மட்டும் பெரிதும் மாறவில்லை. எச்சரிக்கை அலையைச் சொல்லும்; பற்றுப் புத்தகத்தைச் சொல்லாது.

தமிழாசிரியர்களாகிய நமக்கு இதில் தனியே ஒரு செய்தி உண்டு. வகுப்பில் வசந்தம், கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் என்று நான்கு பருவங்களை ஒப்பிக்கச் செய்கிறோம். இலை உதிர்ந்து பனி பெய்யும் நாட்டின் கணக்கு அது. நம் முன்னோர் வகுத்த கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என்னும் ஆறில், கூதிரும் முன்பனியும் கடல் அடைபடும் காலத்தோடு பெரிதும் ஒத்துவருகின்றன. பின்பனியில் கடல் தணிகிறது. சித்திரை, வைகாசியாகிய இளவேனில் வரும்போது மீன்பிடி முழு வீச்சில் நடக்கும். நெய்தலுக்கு ஆறு பருவமும் உரியவை என்று பின்வந்த இலக்கணிகள் கூறியது அகப்பொருள் நோக்கில். படகோட்டியைக் கேட்டால் இரண்டுதான் என்பான்: போகும் காலம், போகாத காலம்.

காற்றுக்கும் நம்மிடம் பெயர் உண்டு. வடக்கிலிருந்து வருவது வாடை, கிழக்கிலிருந்து வருவது கொண்டல், மேற்கிலிருந்து கோடை, தெற்கிலிருந்து தென்றல். சோழகம், கச்சான் என்னும் சொற்கள் ஈழத்து மீனவர் வாயில் வழங்குகின்றன. கிளந்தானில் படகைக் கரையேற்றும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுத்தான் தமிழகத்திற்கு ஐப்பசி, கார்த்திகை மழையைத் தருவதும். ஆயினும் ஒரு வேறுபாடு காண்க. தமிழகக் கீழைக்கரையில் இழுவைப் படகுகளுக்குச் சட்டத்தால் வந்த தடை, கடல் அமைதியாயிருக்கும் வேனிலில் விழுகிறது. 2001இல் 45 நாளாகத் தொடங்கிய அத்தடை, 2017 முதல் ஏப்ரல் 15 தொடங்கி 61 நாளாக நீண்டது. மீன் இனப்பெருக்கத்தைக் கருதி மனிதன் வைத்த பூட்டு அது. இங்கே பூட்டுவது காற்று. பூட்டியிருக்கும் அம்மாதங்களில் மீன்குலம் ஓரளவு இளைப்பாறுகிறது. பெருவெள்ளம் மலையிலிருந்து அடித்துவந்த வண்டலின் சத்தும் கடலில் கலக்கிறது.

மாசி பிறந்ததும் கடலின் நிறம் மாறத் தொடங்கும். ஆற்று வாயில் விரிந்திருந்த செந்நீர் சுருங்கும். காற்று வடகிழக்கை விட்டுக் கிழக்கே திரும்பி மெலியும். முதலில் கரையோரத்துச் சிறு வலைகள் போகும். பிறகு கெம்போங் மீன் வரும். இதனைத் தமிழகத்தில் கானாங்கெளுத்தி என்பர். அயிலை என்ற பெயரும் உண்டு. அகநானூற்றில் பயின்ற அச்சொல் மீன்கடையில் இன்னும் உயிரோடிருப்பது மாணவர்க்குச் சொல்லத்தக்கது. ஏப்ரல் வாக்கில் திரங்கானுக் கடலில் கணவாய்த் தூண்டில் தொடங்கும். இரவில் படகுகள் விளக்கேற்றி நிற்க, ஒளியை நாடிக் கணவாய் மேலெழும்பும். கரையிலிருந்து பார்த்தால் கடலுக்கு அப்பால் ஓர் ஊர் இருப்பதுபோல் தோன்றும்.

இவற்றையெல்லாம் அம்மாணவனிடம் இரண்டு பாடவேளைகளில் சொன்னேன். முழுவதும் கேட்டுவிட்டு அவன், "அப்படியென்றால் முதல் மீன் கடைக்காரருக்குத்தானே, ஐயா?" என்றான். ஆம் என்றேன்.