பகலில் போர்டு எழுதியவர், இரவெல்லாம் பாடியவர்! சங்கரன்கோவில் திருவுடையானும் "விடிய விடிய" கலை இரவுகளும்

சங்கரன்கோவில்:-

2016-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம். மதுரை பக்கம் ஒரு சாலை விபத்து. வெளியூரில் நிகழ்ச்சியை முடித்துவிட்டு சொந்த ஊருக்குத் திரும்பிக் கொண்டிருந்த பாடகர் பலி.

விபத்துச் செய்தி என்றால் பத்திரிகையில் பத்து வரி. வண்டி எது, மோதிய இடம் எது, எந்த ஆஸ்பத்திரி, போலீசார் விசாரணை. அவ்வளவுதான். மறுநாள் வேறு விபத்து வந்துவிடும். இந்தச் சேதி மட்டும் அப்படிப் போகவில்லை. சென்னை முதல் நெல்லை வரை எழுத்தாளர்களும் பாட்டுக்காரர்களும் நாடகக்காரர்களும் கலங்கிப் போனார்கள்.

இறந்தவர் பெயர் திருவுடையான். ஊர், கோமதி அம்மன் குடியிருக்கும் சங்கரன்கோவில். சினிமா போஸ்டரில் படம் வந்த ஆள் கிடையாது. கடைகளுக்குப் போர்டு எழுதுகிற ஓவியர்!

தபலாவும் அவர், பாட்டும் அவர்

மேடையில் பாடகர் என்றால் மைக்கைப் பிடித்துக்கொண்டு நிற்பார். பக்கத்தில் தபலாக்காரர், ஆர்மோனியக்காரர் இருப்பார்கள். திருவுடையான் வழி தனி வழி. சம்மணம் போட்டு உட்கார்ந்து, தபலாவை முன்னால் வைத்து, வாசித்துக்கொண்டே பாடுவார். கை ஒரு வேலை, தொண்டை ஒரு வேலை. செய்து பார்த்தவர்களுக்குத் தெரியும் அதில் உள்ள கஷ்டம்.

கவிஞர் ஏகாதசி எழுதிய "ஆத்தா உன் சேலை" பாட்டை அவர் பாடினால், கூட்டத்தில் முந்தானையால் கண்ணைத் துடைக்காத பெண்கள் குறைவு. ஆண்கள் துண்டை எடுத்து வேர்வை துடைப்பது மாதிரி பாவனை பண்ணுவார்கள். காசி ஆனந்தன் எழுதிய "தமிழா நீ பேசுவது தமிழா" பாட்டு அவர் குரலில் ஊர் ஊராகப் போயிற்று. பேச்சில் இங்கிலீஷைக் கலந்து அடிக்கிற ஆட்களைக் கேலி செய்கிற பாட்டு அது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. போர்டு எழுதுகிறவர்களின் பிழைப்பே "டெக்ஸ்டைல்ஸ்", "ஸ்டோர்ஸ்", "டிம்பர் டிப்போ" என்று எழுதுவதுதான். கடைக்காரர் சொன்னதை எழுதித்தானே ஆக வேண்டும்? பகலெல்லாம் அந்தப் பலகைகள் நடுவே இருந்த மனுஷன், ராத்திரி மேடையில் ஏறி இந்தப் பாட்டை எடுத்தார்!

பிளக்ஸ் வந்தது, பிரஷ் போனது

போர்டு எழுதுவது லேசான வேலை இல்லை. தகரத்தைத் தேய்த்து, முதல் கோட்டிங் அடித்து, காய வைக்க வேண்டும். பிறகு சாக்பீஸ் தடவிய நூலைச் சுண்டிக் கோடு போட வேண்டும். எழுத்துக்கு ஒரு கலர், நிழலுக்கு ஒரு கலர். சாரத்தில் ஏறி நின்றால் இறங்குவது சாயங்காலம்தான். தேர்தல் வந்தால் சுவர் எழுத ஆள் கிடைக்காது; அவ்வளவு கிராக்கி.

2000-க்குப் பிறகு பிளக்ஸ் வந்தது. கம்ப்யூட்டரில் டைப் அடித்துப் பொத்தானை அமுக்கினால் ஒரு மணி நேரத்தில் பத்தடி போர்டு தயார். கல்யாணம், காதுகுத்து, கருமாதி எல்லாவற்றுக்கும் பிளக்ஸ். தமிழ்நாடு முழுவதும் பிரஷ் பிடித்த கைகள் வேறு வேலை தேடின. சிலர் பெயிண்டு அடிக்கப் போனார்கள். சிலர் பிளக்ஸ் கடையிலேயே வேலைக்குச் சேர்ந்தார்கள்.

அந்தத் தொழிலில் இருந்துகொண்டுதான் திருவுடையான் நூற்றுக்கணக்கான மேடைகளில் பாடினார். அந்த மேடைகளுக்குப் பெயர் "கலை இலக்கிய இரவு". சுருக்கமாக, கலை இரவு.

கலை இரவு என்றால் என்ன?

பார்க்காத வாசகர்களுக்காக விவரம் வருமாறு:-

ஊரில் நாலு தெரு கூடும் இடம், இல்லாவிட்டால் ஒரு திடல். சாயங்காலமே பந்தல்காரர் மேடை போட்டுவிடுவார். இருட்டியதும் பறை முழங்கும். அந்தச் சத்தத்துக்கு வீட்டுக்குள் யாரும் இருக்க முடியாது. குழந்தைகள் பாயோடு வந்து முன்வரிசையைப் பிடித்துவிடும். முதலில் கரகம், ஒயில், தப்பாட்டம். பிறகு ஒரு எழுத்தாளர் பேசுவார். பேச்சு என்றால் கட்சிக் கூட்டப் பேச்சு இல்லை. ஒரு கதையை எடுத்துக்கொண்டு, திண்ணையில் உட்கார்ந்து சொல்வது போலச் சொல்வார். அடுத்து நாடகம். அடுத்து பாட்டு. மறுபடியும் பேச்சு. ஓரத்தில் புத்தகக் கடை, அதற்குப் பக்கத்தில் டீக்கடை. வியாபாரம் டீக்கடைக்குத்தான் ஜாஸ்தி என்பது வேறு விஷயம்.

இப்படியே கோழி கூவும் வரை நடக்கும்.

நடத்துகிறவர்கள் தமிழ்நாடு முற்போக்கு எழுத்தாளர் சங்கத்தார். 1975-ம் ஆண்டு ஜூலை மாதம் மதுரையில் தொடங்கிய இடதுசாரி அமைப்பு. ஜூன் 25-ந்தேதி அவசர நிலை வந்துவிட்டது. வாயைத் திறந்தால் ஜெயில் என்று இருந்த நேரம். அந்த நேரம் பார்த்து எழுத்தாளர்கள் கூடி சங்கம் வைத்தார்கள் என்றால் துணிச்சல்தான். பிற்பாடு "கலைஞர்கள்" என்ற சொல்லும் பெயரில் சேர்ந்து தமுஎகச ஆயிற்று. திருவண்ணாமலையில் டிசம்பர் 31-ந்தேதி ராத்திரி நடந்த கலை இரவுகள் பேர் போனவை. ஊரெல்லாம் புது வருஷத்துக்குப் பட்டாசு வெடிக்கும்போது அங்கே பாட்டும் கதையுமாக வருஷம் பிறந்தது.

பெட்டிக்கடை எழுத்தாளர்

மேடையில் ஏறுகிறவர்கள் யார்? பெரிய படிப்பு படித்த புரொபசர்கள் மட்டும் என்று நினைத்தால் தப்பு.

மேலாண்மை பொன்னுச்சாமி என்று ஒருவர். விருதுநகர் மாவட்டம் மேலாண்மறைநாடு கிராமம். படிப்பு ஐந்தாம் வகுப்பு. தொழில் கிராமத்தில் கடை. புளி, மிளகாய் நிறுத்துக் கொடுக்கிற கையால் கதை எழுதினார். "மின்சாரப்பூ" சிறுகதைத் தொகுப்புக்காக 2007-ம் ஆண்டு சாகித்ய அகாடமி பரிசு அவரைத் தேடி வந்தது. 2017-ல் காலமானார். ச.தமிழ்ச்செல்வன் தபால் இலாகாவில் வேலை பார்த்தவர். அவர் எழுதிய சிறுகதைதான் 2008-ல் "பூ" என்ற சினிமாவாக வந்தது. கந்தர்வன் அரசு ஊழியர்.

கடைக்காரரும் குமாஸ்தாவும் போர்டு எழுதுகிறவரும் சேர்ந்து ஒரு ராத்திரியை நடத்திக் காட்டினார்கள். மறுநாள் காலை பத்து மணிக்கு ஆபீசில் கையெழுத்துப் போட வேண்டிய ஆட்கள்!

கூலியும் அப்படித்தான். வரவு என்று பார்த்தால் கடை கடையாக ஏறி ரசீது கிழித்த பணம். பத்து ரூபாய் கொடுக்கிற கடையும் உண்டு; "முதலாளி இல்லை, அப்புறம் வாங்க அண்ணாச்சி" என்கிற கடையும் உண்டு. செலவு மேடை, மைக் செட், சாப்பாடு. மிச்சத்தில் கலைஞர்களுக்குப் பஸ் சார்ஜ், கொஞ்சம் கைச்செலவு. தூங்க ஒரு பள்ளிக்கூட பெஞ்சு. அதுவும் இல்லாத ஊர்கள் உண்டு.

அரண்மனையில் இருந்து தெருவுக்கு

சங்கரன்கோவில் சீமைக்கு இதெல்லாம் புதிதா? கிடையாது.

பக்கத்துச் சென்னிகுளத்தில் பிறந்தவர்தான் காவடிச்சிந்து பாடிய அண்ணாமலை ரெட்டியார். கழுகுமலை முருகனுக்குக் காவடி எடுத்துப் போகும்போது பாட அவர் கட்டிய சிந்து, இன்றைக்கும் காவடி தூக்குகிறவன் காலை ஆட வைக்கிறது. அவரை ஆதரித்தவர் ஊற்றுமலை ஜமீன்தார் இருதயாலய மருதப்ப தேவர். புலவர்களைக் கூட்டி வைத்துப் பாட்டு கேட்ட மனுஷர். அங்கே கேட்டவர்கள் அரண்மனை ஆட்கள். இளம் வயதிலேயே 1891-ல் ரெட்டியார் போய்ச் சேர்ந்தார். பாட்டு மட்டும் அரண்மனையை விட்டு இறங்கி ஊருக்குள் வந்துவிட்டது.

கோவில் கொடை என்றால் ராத்திரி முழுக்க வில்லுப்பாட்டு. உடுக்கும் குடமும் சேர்ந்து முழங்கும். சுடலைமாடன் கோவிலில் மகுடம் அடித்துக் கணியான் கூத்து. ஆடித்தபசுக்குக் கூடுகிற கூட்டத்தைப் பற்றிச் சொல்லவே வேண்டாம். ஆக, விடிய விடிய உட்கார்ந்து கேட்பது இந்தச் சனங்களுக்குப் பழகிய காரியம். கலை இரவுக்காரர்கள் அந்தப் பழக்கத்தைத்தான் பிடித்துக்கொண்டார்கள். கெட்டிக்காரத்தனம்!

பத்து மணிக்கு மைக் கட்!

சரி, இப்போது சங்கடத்துக்கு வருவோம்.

2000-ம் ஆண்டு மத்திய அரசு ஒலி மாசு விதிகளைக் கொண்டு வந்தது. ராத்திரி 10 மணி முதல் காலை 6 மணி வரை வெளியிடத்தில் ஒலிபெருக்கி கூடாது. 2005-ல் சுப்ரீம் கோர்ட்டும் இதைக் கறாராகச் சொல்லிவிட்டது. விழாக் காலம் என்றால் மாநில அரசு விலக்கு கொடுக்கலாம். அதுவும் வருஷத்தில் 15 நாளுக்கு மேல் கூடாது, நேரமும் 12 மணி வரைதான்.

இந்தச் சட்டத்தைக் குறை சொல்ல முடியாது. பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை, நோயாளி, கைக்குழந்தை உள்ள வீடு இவர்களுக்கும் ராத்திரி சொந்தம். காதுக்குப் பக்கத்தில் குழாயைக் கட்டிவிட்டு "கலை" என்றால் யார் ஒப்புவார்கள்? ஆனாலும், பறைச் சத்தத்தில் தொடங்கி விடிகாலை டீயில் முடிகிற நிகழ்ச்சியை 10 மணிக்குள் சுருட்டு என்றால் அது வேறு நிகழ்ச்சியாகிவிடுகிறது. எட்டு மணிக்குக் கடை சாத்திவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு, ஒன்பதரைக்கு வந்து உட்காருகிற ஆளுக்கு மிஞ்சுவது நன்றியுரைதான். விசைத்தறியில் ஷிப்டு முடித்து வருகிறவருக்கு அதுவும் கிடையாது.

மனு கொடுக்க வேண்டும், போலீஸ் நிலையத்துக்கு நடக்க வேண்டும், என்ன பாட்டு, என்ன நாடகம் என்று கேட்டால் பதில் சொல்ல வேண்டும். தெரு நாடகம் என்றால் கேள்வி இன்னும் கூடும்.

தெரு நாடகத்துக்கு உயிரையே கொடுத்தவர் உண்டு. டெல்லி பக்கத்துச் சாகிபாபாத்தில் 1989-ம் ஆண்டு ஜனவரி 1-ந்தேதி தொழிலாளர் குடியிருப்பில் நாடகம் போட்டுக் கொண்டிருந்த சப்தர் ஹஷ்மியைக் கும்பல் தாக்கியது. மறுநாள் அவர் இறந்தார். வயது 34. அடுத்த இரண்டே நாளில், ஜனவரி 4-ந்தேதி, அவருடைய மனைவி மாலாஸ்ரீ அதே இடத்தில் நின்று, பாதியில் நின்ற அதே நாடகத்தை நடத்தி முடித்தார். தமிழ்நாட்டுத் தெரு நாடகக்காரர்கள் மத்தியில் இன்றும் அந்தப் பெயரைச் சொன்னால் ஒரு நிமிஷம் பேச்சு நின்றுவிடும்.

திரும்பும் வழி

நம் ஊர்ப் பாட்டுக்காரர்களுக்கு ஆபத்து மேடையில் இல்லை. மேடையை விட்டு இறங்கிய பிறகுதான்.

நிகழ்ச்சி முடியும். மாலை, துண்டு, கை குலுக்கல். கடைசி பஸ் போயிருக்கும். முதல் பஸ்சுக்கு நேரம் கிடக்கும். மறுநாள் வேலை இருக்கிறது. அல்லது மறுநாளும் ஒரு மேடை இருக்கிறது. உடனே வண்டி ஏறுவார்கள். டிரைவரும் ராத்திரி முழுக்கப் பாட்டு கேட்டவராக இருப்பார். நாற்கர ரோட்டில் லாரிகள் வரிசையாக ஓரத்தில் நிற்கும். சிலதுக்குப் பின் விளக்கு எரியாது. பின்ராத்திரி 2 மணி முதல் 5 மணி வரை கண் அசரும் நேரம் என்று எந்த லாரி டிரைவரைக் கேட்டாலும் சொல்லுவார்.

கரகாட்டக்காரர்கள், மேளக்காரர்கள், வில்லுப்பாட்டுக் குழுவினர் எல்லோருக்கும் இதே ரோடு, இதே நேரம்.

2016-ம் ஆண்டு மேடைப் பாட்டுக்கே கெட்ட வருஷம். "தன்னானே" குழு நடத்தி, நாட்டுப்புறப் பாட்டைக் கல்லூரி வரை கொண்டுபோன கே.ஏ.குணசேகரன் ஜனவரியில் மறைந்தார். ஆகஸ்டில் திருவுடையான். ஒருவரை நோய் கொண்டுபோயிற்று, ஒருவரை ரோடு.

மேடைக்கு இவ்வளவு, மைக்குக்கு இவ்வளவு என்று நோட்டுப் போட்டுக் கணக்கு எழுதுகிற விழாக் கமிட்டிகள், பாட்டுக்காரர்கள் விடியும் வரை படுத்து எழும்ப ஒரு ரூம் வாடகையையும் அதே நோட்டில் எழுதலாம். ராத்திரி விழித்த டிரைவரை விட்டுவிட்டு, தூங்கி எழுந்த டிரைவரைக் கூப்பிடலாம். ஒரு பிளக்ஸ் போர்டைக் குறைத்தால் அந்தக் காசு வந்துவிடும்.

திருவுடையான் பாடிய பாட்டுகள் யூடியூபில் கிடக்கின்றன. பஸ்சில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்போனில் போட்டுக் கேட்கிறவர்கள் உண்டு. கூம்புக் குழாயின் கரகரப்பு, கூட்டத்தின் சலசலப்பு, அதற்கு நடுவே தபலா. பாட்டு முடிந்ததும் அடுத்த பாட்டு தானாக வந்துவிடுகிறது. இறங்க வேண்டிய ஸ்டாப்பைக் கோட்டை விடாமல் கேட்க வேண்டும்.