மார்கழி முதல் நாளில் வந்த மாமழை

பொதிகை மலையில் தோன்றிப் புன்னைக்காயலில் கடலோடு கலக்கும் பொருநையாம் தாமிரபரணி, ஏறத்தாழ 125 கிலோமீட்டர் தொலைவே ஓடும் சிறிய நதி. ஆயினும் அதன் கரைகளில் நவகயிலாயங்களும் நவதிருப்பதிகளும் வரிசையாக அமைந்துள்ளன. நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரி இக்கரையில்தான் இருக்கிறது. முருகப்பெருமான் அலைகடலோரம் எழுந்தருளியுள்ள திருச்செந்தூரும் தொலைவில் இல்லை.

நதி வற்றாதது, நிலமோ வெயில் காயும் பூமி. தென்மேற்குப் பருவமழையை மேற்குத் தொடர்ச்சி மலை தடுத்துவிடுவதால், தூத்துக்குடிச் சீமைக்கு வடகிழக்குப் பருவமழை ஒன்றே துணை. அதுவும் அளந்து பெய்வதே வழக்கம். ஆண்டு முழுவதும் சேர்த்துப் பார்த்தாலும் சராசரி மழை 70 சென்டிமீட்டரைத் தொடுவதில்லை. ஆகவேதான் அங்கே உப்பளங்கள் செழிக்கின்றன. செம்மணல் தேரிகளில் பனைகள் நிற்கின்றன. மழைக்காகக் கோயில்களில் வருண ஜபம் செய்தே பழகிய மக்கள் அவர்கள்.

அத்தகைய மண்ணில், 2023-ஆம் ஆண்டு டிசம்பர் 17-ஆம் நாள் ஞாயிற்றுக்கிழமை மார்கழி பிறந்தது. குமரிக்கடல் பகுதியில் நிலைகொண்டிருந்த வளிமண்டலச் சுழற்சியால் அன்று தொடர்ந்து கொட்டிய மழை, இரவிலும் விடவில்லை. மறுநாள் காலை வரையிலான ஒரே நாளில் காயல்பட்டினத்தில் 95 சென்டிமீட்டரும், திருச்செந்தூரில் 69 சென்டிமீட்டரும், ஸ்ரீவைகுண்டத்தில் 62 சென்டிமீட்டரும் பதிவாயின. ஓர் ஆண்டு மழை ஓர் இரவும் பகலுமாக வந்து இறங்கியது.

தாமிரபரணியில் ஒரு லட்சம் கன அடிக்கும் மேலாக வெள்ளம் பாய்ந்தது. 1992-ஆம் ஆண்டு நவம்பர் வெள்ளத்தைக் கண்ட முதியவர்கள், மீண்டும் ஒரு முறை ஆறு ஊருக்குள் வருவதைக் கண்டனர். குளங்கள் பலவற்றின் கரைகள் உடைந்தன. ஏரல் பாலத்தை ஒட்டிய சாலை அறுந்து போனது. வாழைத் தோட்டங்கள் சாய்ந்தன, ஆடு மாடுகள் மடிந்தன, உப்பளங்கள் கரைந்தன. மனித உயிர்கள் பலவும் பறிபோயின. திருச்செந்தூருக்கு வந்திருந்த பக்தர்கள் ஊர் திரும்ப வழியின்றித் தங்கினர்.

நீரில் நிற்கும் குமரன்

வெள்ளம் வந்தால் என்ன செய்வது என்பதைத் திருநெல்வேலிக்கு நெடுங்காலமாகக் கற்பித்து வரும் திருக்கோயில் ஒன்று உண்டு. அதுவே தாமிரபரணியின் நடுவே அமைந்துள்ள குறுக்குத்துறை முருகன் கோயில். செந்தூர் மூலவரின் திருமேனி இவ்விடத்துப் பாறையிலிருந்தே வடிக்கப்பட்டது என்பது இங்கு வழங்கும் மரபு. நீர் வரும் திசையில் படகின் முனைபோலக் கூர்மையாகக் கட்டப்பட்டிருப்பதால், பெருகி வரும் வெள்ளம் இருபுறமும் பிரிந்து செல்கிறது. வெள்ளம் வரும் அறிகுறி தெரிந்தவுடன் உற்சவத் திருமேனிகளையும் உண்டியலையும் பூசைப் பொருள்களையும் கரையிலுள்ள மேலக்கோயிலுக்குக் கொண்டு சென்றுவிடுவர். மூலவர் மட்டும் வெள்ளத்துக்குள்ளேயே நிற்பார். நீர் வடிந்தபின் மணலையும் சேற்றையும் அகற்றி, கோயிலைத் தூய்மை செய்து, மீண்டும் வழிபாட்டைத் தொடங்குவர். 2023 டிசம்பரிலும் அக்கோயிலை வெள்ளம் சூழ்ந்து மூடியது.

ஆற்றைத் தடுக்க முடியாது என்று அறிந்தே முன்னோர் அதைக் கட்டினர். தடுப்பதற்கு மாறாக வழிவிட்டனர். எடுத்துச் செல்லத்தக்கதை உரிய நேரத்தில் எடுத்துச் செல்லும் முறையை வகுத்தனர். பக்தியும் முன்யோசனையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எல்லாக் கோயில்களும் அவ்வாறு தப்பியதில்லை என்பதும் உண்மை. நவகயிலாயங்களுள் ஒன்றான இராஜபதியின் பழைய ஆலயம் முற்காலத்தில் வெள்ளத்தில் அழிந்துபோனது. அங்கே இன்று நாம் தரிசிப்பது அன்பர்கள் அண்மைக் காலத்தில் எழுப்பிய புதிய ஆலயம். கல் போனாலும் வழிபாடு போகவில்லை.

நடுவழியில் நின்ற ரயில்

அந்த ஞாயிறு இரவு திருச்செந்தூரிலிருந்து சென்னைக்குப் புறப்பட்ட செந்தூர் விரைவு ரயிலில் ஏறத்தாழ 800 பயணிகள் இருந்தனர். செந்திலாண்டவனைத் தரிசித்துத் திரும்பியவர்கள் அவர்களுள் பலர். ஸ்ரீவைகுண்டம் நிலையத்தில் ரயில் நிறுத்தப்பட்டது. அதற்கு அப்பால் தண்டவாளத்தின் கீழிருந்த ஜல்லியும் மண்ணும் அரித்துச் செல்லப்பட்டிருந்தன. ரயில் அங்கே நிறுத்தப்படாமல் மேலே சென்றிருந்தால் என்ன நேர்ந்திருக்கும் என்பதை நினைக்கவும் நெஞ்சு நடுங்குகிறது.

சுமார் 300 பேர் அருகிலிருந்த பள்ளிக்கு அழைத்துச் செல்லப்பட்டனர். அதற்குள் நீர் மேலும் சூழ்ந்துகொண்டதால் எஞ்சியோர் ரயிலிலும் நிலையத்திலுமாகவே தங்க நேர்ந்தது. முதியவர்களும் குழந்தைகளும் கர்ப்பிணிகளும் அவர்களுள் இருந்தனர். மின்சாரம் இல்லை, வெளியுலகத் தொடர்பும் இல்லை. அந்நிலையில் அவர்களுக்கு முதலில் உணவளித்தவர்கள் அருகிலிருந்த புதுக்குடி கிராம மக்கள். தங்கள் ஊரையும் வெள்ளம் சூழ்ந்திருந்த வேளையில், வீட்டிலிருந்த அரிசியையும் பருப்பையும் கொணர்ந்து, சமைத்து, முன்பின் அறியாதவர்களுக்குப் பசி ஆற்றினர். ஹெலிகாப்டரில் உணவுப் பொட்டலங்கள் வந்தது அதற்குப் பிறகுதான்.

டிசம்பர் 19-ஆம் நாள் மீட்புப் படையினர் பயணிகளை வெளியே அழைத்து வந்தனர். வாஞ்சி மணியாச்சியிலிருந்து சிறப்பு ரயிலில் அவர்கள் சென்னைக்கு அனுப்பப்பட்டனர். அன்று மார்கழி 3. திருப்பாவையின் மூன்றாம் பாசுரத்தை ஊர்தோறும் ஓதும் நாள் அது. மாதம் மும்முறை மழை பொழிய வேண்டும், ஆனால் அதனால் நாட்டுக்குத் துன்பம் நேரலாகாது என்று ஆண்டாள் அதில் வேண்டுகிறாள். அவள் மழையை மட்டும் கேட்கவில்லை. கேடு செய்யாத மழையைக் கேட்டாள். இத்தனை ஆண்டுகள் அப்பாசுரத்தைப் பாடியவர்களுக்கு, அந்த நிபந்தனையின் பொருள் 2023-இல் புதிதாக விளங்கியிருக்கும்.

இரு முறை கேட்ட வரம்

சுந்தரமூர்த்தி சுவாமிகளின் திருப்புன்கூர்த் திருப்பதிகமும் இதே செய்தியைச் சொல்கிறது. உலகில் மழை பொய்த்தபோது, மழை பெய்தால் பன்னிரு வேலி நிலம் தருவதாக இறைவனிடம் விண்ணப்பம் செய்யப்பட்டது. மழை பெய்தது. பெய்தது நில்லாமல் பெருவெள்ளம் ஆயிற்று. வெள்ளத்தைத் தவிர்த்தருள மீண்டும் வேண்டிய வேளையில், இறைவன் அதையும் நிறுத்தி மேலும் பன்னிரு வேலியை ஏற்றருளினான். வறட்சிக்கும் வெள்ளத்துக்கும் மனிதன் ஒரே வாசலில்தான் நிற்க வேண்டியிருக்கிறது. மழையே கெடுப்பதும், கெட்டவர்களை எடுத்து நிறுத்துவதும் என்று திருவள்ளுவரும் வான்சிறப்பில் கூறியிருக்கிறார்.

“இத்தனை தெய்வங்கள் குடியிருக்கும் கரையில் ஏன் இந்தத் துன்பம்?” என்று மனம் கேட்கும். நாம் செய்த பாவம் என்று சொல்லிவிடுவது எளிது. வீட்டை இழந்தவரிடம் அதைச் சொல்வது தருமம் ஆகாது. உயிர் இழந்தோர் நம்மினும் பாவிகள் அல்லர். தப்பியோர் நம்மினும் புண்ணியவான்களும் அல்லர். அவரவரை விசாரிப்பது நம் வேலையன்று. பசித்தவருக்கு உலை வைப்பதே நம் வேலை. புதுக்குடி மக்கள் அதைத்தான் செய்தனர்.

நமக்கும் ஒரு கடமை எஞ்சி நிற்கிறது. மழை வேண்டி யாகம் செய்யும் ஊர்கள், வரும் மழையைத் தாங்கும் குளத்தையும் கால்வாயையும் தூர்வாரி வைத்திருக்க வேண்டும். குளம் வெட்டுவதையும் கரை காப்பதையும் நம் முன்னோர் கோயில் திருப்பணிக்கு இணையான அறமாகவே போற்றினர். தள்ளாத வயதில் மண் சுமக்க இயலாது. ஆயினும் எந்த ஓடை எங்கே ஓடியது, முந்தைய வெள்ளம் எந்தப் படி வரை ஏறியது, எந்த மடையைத் திறந்தால் ஊர் தப்பும் என்பதை முதியவர்களே அறிவார்கள். அவற்றைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லி வைப்பதும் ஒரு திருப்பணியே. மழைக்கால அறிவிப்பு வரும்போது மாத்திரைகளையும் முக்கியப் பத்திரங்களையும் ஒரு பையில் எடுத்து வைத்து, மேடான இடத்துக்குப் பிள்ளைகள் அழைத்தால் தயங்காமல் கிளம்ப வேண்டும். வீட்டுத் தெய்வத்தை விட்டுவிட்டு எப்படி வருவது என்று தயங்குவோர், உற்சவ மூர்த்தியே மேலக்கோயிலுக்கு எழுந்தருளுவதை எண்ணிப் பார்க்கலாம்.

வெள்ளம் வந்து ஒரு வாரம் முடிவதற்குள், டிசம்பர் 23-ஆம் நாள் வைகுண்ட ஏகாதசி வந்தது. சேறு முற்றும் காயாத தெருக்கள் வழியே அன்பர்கள் பெருமாளைத் தேடிச் சென்றனர். அடுத்த மார்கழியிலும் அவர்கள் மழை வேண்டியே பாடுவார்கள், வேண்டத்தான் வேண்டும். அளவோடு பொழியட்டும் என்று சேர்த்து வேண்டுவோம்.