கையால் சுழற்றும் சலவை யந்திரமும் மலைநாட்டுச் சலவையும்

நீலகிரி ஜில்லாவில் துணி துவைப்பது சமவெளியில் துவைப்பதைப் போன்ற காரியமன்று. உதகமண்டலம் கடல்மட்டத்திற்கு மேல் சுமார் 2,240 மீட்டர் உயரத்திலும், குன்னூர் சுமார் 1,850 மீட்டர் உயரத்திலும் அமைந்திருக்கின்றன. மார்கழி, தை மாதங்களில் பள்ளத்தாக்குகளில் உறைபனி விழுகிறது. அக்காலத்தில் விடியற்காலையில் ஜலத்தில் கை வைப்பவர்களின் விரல்கள் சற்று நேரத்திற்குள் மரத்துப்போகின்றன. கூடலூர்ப் பக்கத்தில் தென்மேற்குப் பருவமழையும், குன்னூர், கோத்தகிரிப் பக்கங்களில் வடகிழக்குப் பருவமழையும் வலுத்திருக்கும் நாட்களிலோ, கொடியில் போட்ட துணி இரண்டு மூன்று நாள் சென்றும் ஈரமாகவே தொங்கும். தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் வேலையைப் பெரும்பாலும் ஸ்திரீகளே செய்கிறார்கள். வாரத்தில் அவர்களுக்குக் கிடைக்கும் ஓய்வுநாளின் பெரும்பகுதி லயன் வீடுகளின் குழாயடியிலேயே கழிந்துவிடுகிறது என்பதைச் சங்க அங்கத்தினர் யாவரும் அறிவர்.

நகரங்களில் இப்பொழுது மின்சாரச் சலவை யந்திரம் பல வீடுகளில் வந்திருக்கிறது. ஆயினும் அதன் விலை யாவருக்கும் எட்டுவதில்லை; மழைக்காலத்தில் மரங்கள் சாய்ந்து மின்சாரம் தடைப்படுவதும் மலையில் புதிய செய்தியன்று. ஆகையால், கையால் சுழற்றும் யந்திரம் எவ்வாறு தோன்றி எவ்வாறு திருந்தியது என்பதை அறிவது வெறும் பழங்கதையாகாது. மின்சார யந்திரத்தின் முக்கியமான உறுப்புகளிற் பல மனிதர் கையால் சுழற்றிய காலத்திலேயே உருவானவைதாம்.

துணியிலுள்ள அழுக்கைப் போக்குபவை நான்கு: ஜலம், சவுக்காரம், சூடு, அசைவு. இவற்றில் ஒன்று குறைந்தால் மற்றொன்றைக் கூட்டவேண்டும். நம் நாட்டுச் சலவைத் தொழிலாளர் உவர்மண்ணில் தோய்த்த துணிகளை வெள்ளாவி வைப்பது சூட்டையும் காரத்தையும் கூட்டும் முறை. கல்லில் அடித்துத் துவைப்பது அசைவைக் கூட்டும் முறை. கல்லில் அடிப்பதால் அழுக்குப் போவது உண்மையே; ஆனால் நூலும் உடன் நைந்துபோகிறது. யந்திரத்தைக் கண்டவர்களின் நோக்கம், துணியை அடிப்பதற்குப் பதிலாகச் சவுக்கார ஜலத்தை நெசவின் இடைவெளிகளினூடே திரும்பத் திரும்பச் செலுத்துவதாகும். பிற்காலத்துத் திருத்தங்களை மதிப்பிடுவதற்கும் இதுவே உரைகல்.

1767ஆம் வருஷத்தில் ஜெர்மனியில் ரேகன்ஸ்பர்க் நகரத்துப் பாதிரியாராகிய ஷேஃபர் என்பவர் ஒரு சலவை யந்திரத்தைப் பற்றி நூல் வெளியிட்டார். அது மூடியுள்ள ஒரு மரத்தொட்டி. அதனுள் துணிகளைக் கலக்கும் ஓர் உறுப்பை மேலிருந்து கைப்பிடியால் திருப்பவேண்டும். 1782இல் லண்டனைச் சேர்ந்த ஹென்றி சிட்ஜியர் என்பவர் வேறு வழியில் சென்றார். அவர் மரச்சட்டங்களால் கூண்டு போன்ற ஓர் உருளை செய்து, அதனுள் துணியை இட்டு, ஜலம் நிறைந்த தொட்டியில் கைப்பிடியால் சுழலச் செய்து, அதற்குக் காப்புரிமையும் பெற்றார். இவ்விரண்டு வழிகளுமே இன்றுவரை நிலைத்திருக்கின்றன. ஒன்றில் தொட்டி நிற்கத் துணி கலக்கப்படுகிறது. மற்றொன்றில் துணியோடு உருளையே சுழல்கிறது.

உருளை முறையில் ஒரு நுட்பமுண்டு. உருளை சுழலும்போது துணி ஒரு பக்கமாக மேலே தூக்கப்பட்டு, உச்சிக்கு அருகில் சென்று, தன் பாரத்தால் கீழே ஜலத்தில் விழவேண்டும். அந்த வீழ்ச்சியே துவைப்பு. வேகமாகச் சுற்றினால் விரைவில் வெளுக்கும் என்று எண்ணுவது தவறு. அரை மீட்டர் குறுக்களவுள்ள உருளையை நிமிஷத்திற்குச் சுமார் 60 சுற்றுக்கு மேல் சுழற்றினால், துணி சுவரோடு ஒட்டிக்கொண்டு விழாமலே சுற்றும். உழைப்பவருக்குக் களைப்புத்தான் மிச்சம். நிமிஷத்திற்கு 40 சுற்றளவில் நிதானமாகச் சுழற்றுவதே நலம். உருளையைத் துணியால் அடைத்துவிட்டாலும் விழுவதற்கு இடமின்றிப் போகும். அதனுள் ஏறத்தாழப் பாதியிடம் காலியாக இருக்கவேண்டும்.

கலக்கும் முறையில் நேர்ந்த குறை வேறு. ஒரே திசையில் கலக்கினால் சேலைகளும் வேஷ்டிகளும் ஒன்றோடொன்று முறுக்கிக் கயிறாகிவிடும். கயிறான துணிக்குள் ஜலம் புகாது. தயிர் கடையும் மத்தைக் கயிற்றால் ஒருமுறை இப்படியும் ஒருமுறை அப்படியும் இழுக்கிறோமல்லவா? அந்த இயக்கமே இதற்கு மருந்தாயிற்று. 1874இல் அமெரிக்காவில் இந்தியானா மாகாணத்துப் பிளஃப்டன் ஊர் வியாபாரி வில்லியம் பிளாக்ஸ்டோன் என்பவர் தம் மனைவிக்குப் பிறந்தநாள் பரிசாக ஒரு யந்திரம் செய்தார். மரத்தொட்டிக்குள், சிறு முக்காலி போல முளைகள் பொருத்திய ஒரு பலகை. அதைப் பற்சக்கரங்களின் உதவியால் கைப்பிடி இப்புறமும் அப்புறமுமாகத் திருப்பும். முளைகள் துணியைப் பற்றி ஜலத்தினூடே இழுக்கும். அண்டை அயலார் விரும்பிக் கேட்கவே, அவர் ஒன்று இரண்டரை டாலர் விலைக்குச் செய்து விற்கலானார். பின்னர் வந்த யந்திரங்கள் சிலவற்றில் கனமான ஒரு சக்கரமும் சேர்க்கப்பட்டது. செக்கோ திரிகையோ ஓட்டத் தொடங்கியபின் இலேசாவது போல, அச்சக்கரம் ஓட்டத்தில் சேமித்த வலுவைக் கை தளரும் நொடியில் திருப்பித் தருகிறது.

சிறு திருத்தங்கள் சிலவற்றையும் மலைநாட்டார் மதிக்கவேண்டும். இறுக்கமான மூடி சூட்டைக் காக்கிறது. குளிர்ப்பிரதேசத்தில் திறந்த தொட்டியின் வெந்நீர் விரைவில் ஆறிவிடும். அடியில் ஜலம் வடியும் குழாய் இருந்தால், தொட்டியைக் கவிழ்த்து இடுப்பை ஒடித்துக்கொள்ளவேண்டியதில்லை. மரத்தொட்டி காய்ந்தால் பலகை சுருங்கி ஒழுகும். நனைந்தே கிடந்தால் மக்கும். இரும்புத் தொட்டிக்குத் துத்தநாக முலாம் பூசியது நல்ல திருத்தமே. ஆனால் முலாம் உரிந்த இடத்தைத் தேயிலைத் தோட்டத்தார் தனிக் கவனத்துடன் பார்க்கவேண்டும். கொழுந்தின் சாற்றிலுள்ள துவர்ப்புச் சத்து இரும்புத் துருவோடு சேர்ந்தால் கருங்கறையாகும். பறிப்பவர்களின் துணியில் அச்சாறு ஏற்கெனவே இருக்கிறது. துருப்பிடித்த தொட்டி அதற்கு மை காய்ச்சிக் கொடுப்பது போலாகும்.

இவை யாவற்றிலும் மேலானதாகக் கருதத்தக்கது பிழியும் உருளைகள். கரும்பாலையில் கரும்பு நுழைவதைப் போல, இரண்டு உருளைகளுக்கிடையே ஈரத்துணியைக் கொடுத்துக் கைப்பிடியைச் சுற்றினால் ஜலம் தொட்டியில் விழ, துணி மறுபக்கம் தட்டையாக வெளிவரும். முதலில் உருளைகள் மரத்தால் ஆனவை. அவை வெடித்துத் துணியைக் கிழித்தன. சார்லஸ் குட்இயர் என்பவர் ரப்பரைக் கந்தகத்தோடு சேர்த்துச் சூடேற்றிப் பதப்படுத்தும் முறைக்கு 1844இல் காப்புரிமை பெற்றபின், ரப்பர் போர்த்த உருளைகள் வந்தன. தடித்த துணிக்கும் மெல்லிய துணிக்கும் ஏற்றபடி அழுத்தத்தைக் கூட்டவும் குறைக்கவும் திருகும் வில்லும் அமைத்தார்கள்.

இவ்வுறுப்பின் சரித்திரத்தில் கூட்டுறவாளர் கவனிக்கவேண்டிய செய்தி ஒன்றுண்டு. வாஷிங்டன் நகரில் வீட்டுவேலை செய்துவந்த எல்லன் எக்லின் என்னும் கறுப்பினப் பெண்மணி திருத்தமான ஒரு பிழியும் யந்திரத்தைக் கண்டுபிடித்தார். கண்டவர் கறுப்பினத்தவர் என்று தெரிந்தால் வெள்ளையர் வாங்கமாட்டார்கள் என்று அஞ்சி, 1888இல் அதன் உரிமையை ஒரு தரகருக்கு 18 டாலருக்கு விற்றுவிட்டார். யந்திரம் நன்கு விலைபோயிற்று. லாபம் வாங்கினவனைச் சேர்ந்தது. பச்சைத் தேயிலையைச் சொன்ன விலைக்குக் கொடுத்துவிட்டு நின்ற சிறு விவசாயிகளுக்கும், அந்நிலையை மாற்ற 1962இல் குந்தாவில் எழுந்த கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலையை அறிந்தவர்களுக்கும் இதை விரித்துரைக்கத் தேவையில்லை.

பிழியும் உருளையின் பிரயோஜனம் உலர்த்துவதில் மாத்திரம் என்று பலர் நினைக்கிறார்கள். ஜலச் செலவிலும் அது பெரிய வித்தியாசம் செய்கிறது. இதை ஒரு கணக்கால் காட்டலாம். 5 கிலோ பருத்தித் துணியைக் கையால் பிழிந்தால் அதில் ஏறத்தாழ 5 லிட்டர் சவுக்கார ஜலம் தங்கும் என்று கொள்வோம். அதை 20 லிட்டர் நல்ல ஜலத்தில் ஒரே தடவை அலசி மறுபடியும் பிழிந்தால், ஐந்தில் ஒரு பங்கு சவுக்காரம் துணியிலேயே இருக்கும். அதே 20 லிட்டரைப் பத்துப் பத்தாகப் பிரித்து இரண்டு தடவை அலசினால் ஒன்பதில் ஒரு பங்குதான் நிற்கும். உருளையால் பிழிந்து தங்கும் ஜலத்தை இரண்டரை லிட்டராகக் குறைத்தபின் அவ்வாறே இரண்டு தடவை அலசினால் இருபத்தைந்தில் ஒரு பங்கே மிஞ்சும். ஜலம் கூட்டப்படவில்லை, பிழிந்தது ஒன்றே வித்தியாசம். மேட்டிலுள்ள வீட்டிற்குப் பள்ளத்து ஓடையிலிருந்து குடம் சுமப்பவர்களுக்கு இக்கணக்கின் அருமை எளிதில் விளங்கும்.

நம் பக்கத்திலும் இவ்விஷயத்தில் முயற்சி நடந்திருக்கிறது. நீலகிரிக்கு அடுத்த மலப்புரம் ஜில்லாவில் ரம்யா ஜோஸ் என்னும் பெண் பள்ளி மாணவியாயிருந்தபோது, சைக்கிளைப் போல மிதித்து ஓட்டும் சலவை யந்திரம் ஒன்றைச் செய்தார். அதற்காக 2005இல் தேசியப் புத்தாக்க நிறுவனத்தின் விருது பெற்றார். கையைக் காட்டிலும் கால் நெடுநேரம் களைக்காமல் உழைக்கும் என்பது அதன் சிறப்பு. புதுச்சேரியை அடுத்த குயிலாப்பாளையம் கிராமத்தில் தொண்டு செய்யவந்த நவ்ஜோத் சாஹ்னி என்னும் ஆங்கிலநாட்டு எஞ்சினியர், அங்கே பெண்கள் கையால் துவைக்கும் துன்பத்தைக் கண்டு, கையால் சுழற்றும் உருளை யந்திரம் ஒன்றைப் பிற்பாடு அமைத்தார். 'திவ்யா' என்பது அதன் பெயர். ஒரு தடவைக்கு 5 கிலோ துணி கொள்ளும் அந்த யந்திரம் 2021இல் ஈராக் நாட்டு அகதிகள் முகாமில் கொடுக்கப்பட்டது. கையால் துவைப்பதைவிட ஜலத்தில் பாதியும் நேரத்தில் முக்காலும் மிச்சமாகும் என்று செய்தவர்கள் கூறுகிறார்கள்.

இப்புதிய யந்திரங்களில் பிழியும் உருளைகள் இல்லை. துவைத்த உருளையையே விரைவாகச் சுழற்றி ஜலத்தை வெளியே வீசச் செய்கிறார்கள். அரை மீட்டர் உருளையை நிமிஷத்திற்கு 300 சுற்றுச் சுழற்றினால், துணியிலுள்ள ஜலம் தன் எடையைப்போல் இருபத்தைந்து மடங்கு விசையோடு வெளியே தள்ளப்படும். கை நிமிஷத்திற்கு 60 சுற்றுக்கு மேல் நெடுநேரம் சுற்றாது. ஆகையால் கைப்பிடி ஒரு சுற்றுச் சுற்ற உருளை ஐந்து சுற்றுச் சுற்றும்படி பற்சக்கரம் அமையவேண்டும். பித்தான் உடைவதும் விரல் நசுங்குவதும் இம்முறையில் இல்லை. துணி ஒரு பக்கமாகக் குவிந்தால் மாத்திரம் யந்திரம் முழுவதும் உதறும். கால்களைத் தளத்தோடு முடுக்கியிருப்பது அவசியம்.

எந்த யந்திரமும் ஓடையிலிருந்து ஜலம் சுமந்து வராது, அடுப்பும் மூட்டாது. குழந்தையும் சுற்றலாம் என்ற பழைய விளம்பரங்கள் இதைச் சொல்லாமல் விட்டன. 20 லிட்டர் ஜலத்தை 15 டிகிரியிலிருந்து 50 டிகிரிக்குச் சூடாக்கச் சாதாரண அடுப்பில் ஒரு கிலோவுக்கு மேல் விறகு செல்லும். ஆகையால் குழாயடிக்கு அருகில் கூரையுள்ள ஓரிடத்தில் யந்திரத்தை நிறுத்தி, பல குடும்பத்தார் முறைவைத்து உபயோகிப்பதே சங்கத்திற்கு ஏற்றது. வீட்டுக்கு வீடு வாங்கினால் யந்திரங்கள் பெருகும், சுமை குறையாது.

வாங்குமுன் நிர்வாகக் கமிட்டியார் காலித் தொட்டியைச் சுற்றிப்பார்த்துத் திருப்தியடைந்துவிடக்கூடாது. ஈரமான சேலை, வேஷ்டி, படுக்கைவிரிப்பு ஆகியவற்றைத் துவைத்துப் பிழியச் செய்து, பிழிந்த துணியை நிறுத்துப் பார்க்கவேண்டும். உலர்ந்த எடைக்கு மேல் எவ்வளவு நிற்கிறதோ அதுவே தங்கிய ஜலம். தினந்தோறும் உபயோகிக்கப்போகும் ஸ்திரீகளே அதைச் சுற்றிப்பார்க்கட்டும். கைப்பிடி அவர்கள் உயரத்திற்குப் பொருந்தாவிட்டால் மற்றெந்தச் சிறப்பும் பயன்படாது. பற்சக்கரமும் ரப்பரும் தேய்ந்தால் மாற்று உறுப்பு கோயம்புத்தூரிலாவது கிடைக்குமா என்று எழுத்து மூலம் கேட்டுக்கொள்ளவேண்டும்.

கம்பளியையும் உல்லன் சட்டைகளையும் பற்றி ஓர் எச்சரிக்கை. வெந்நீரில் கலக்கப்பட்ட ஆட்டுரோமம் ஒன்றோடொன்று பின்னிச் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிறகு அது விரியாது. அவற்றைத் தணிந்த நீரில் ஊறவைத்து, கலக்காமல் கையால் அமுக்கி அலசி, தட்டையான இடத்தில் பரப்பி உலர்த்தவேண்டும். யந்திரம் இருக்குமிடத்தில் இவ்விதியைப் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டிவைத்தால், சங்கத்திற்கு வரக்கூடிய வழக்குகளில் பாதி குறையும்.