மாநாடு நடக்கும் ஊருக்கு என்ன மிஞ்சும்? விராலிமலையிலிருந்து ஒரு கணக்கு

2019 ஜனவரி மாதம் விராலிமலைப் பகுதி மக்களுக்கு நன்றாக நினைவிருக்கும். அந்த மாதம் 20ஆம் தேதி அங்கு நடந்த ஜல்லிக்கட்டில் 1,300க்கும் மேற்பட்ட காளைகள் ஒரே நாளில் களமிறக்கப்பட்டன. அது சாதனையாக அறிவிக்கப்பட்டது. அதே நாளில் பார்வையாளர் இருவர் மாடு முட்டி உயிரிழந்தனர். மூன்று நாள் கழித்து, 23, 24 தேதிகளில் சென்னையில் உலக முதலீட்டாளர்கள் மாநாடு நடந்தது. மாத இறுதியில் திருச்சி அருகே இனாம்குளத்தூரில் நடந்த இஜ்திமாவில் லட்சக்கணக்கானோர் கூடினார்கள்.

ஒன்று திருவிழா, ஒன்று வணிகம், ஒன்று மார்க்கம். நோக்கம் வேறு வேறு. ஆனால் நடக்கும் இடத்திடம் மூன்றும் கேட்பது ஒன்றைத்தான்: சாலை, தண்ணீர், சாப்பாடு, படுக்க இடம், கழிப்பறை, ஆம்புலன்ஸ், கூட்டத்தை ஒழுங்குபடுத்த ஆட்கள். இவற்றைத் திட்டமிட்டுச் செய்து கொடுப்பது இன்று உலகம் முழுவதும் தனித் தொழிலாக வளர்ந்திருக்கிறது. அந்தத் தொழில் எப்படி இயங்குகிறது, அதில் ஒரு சிறிய ஊருக்கும் நம் குடும்பங்களுக்கும் என்ன இடம் இருக்கிறது என்று பார்ப்போம்.

மைஸ் என்றால் என்ன?

சுற்றுலாத் துறையினர் இதை 'மைஸ்' என்கிறார்கள். நான்கு வகை நிகழ்ச்சிகளுக்கான ஆங்கிலச் சொற்களின் முதல் எழுத்துகள் சேர்ந்து வந்த பெயர் அது. நிறுவனக் கூட்டங்கள், நன்றாக விற்பனை செய்த ஊழியர்களையும் டீலர்களையும் நிறுவனமே அழைத்துச் செல்லும் ஊக்கப் பயணங்கள், மருத்துவர்கள், பொறியாளர்கள், பேராசிரியர்கள் போன்றோர் கூடும் மாநாடுகள், வணிகக் கண்காட்சிகள் ஆகியவையே அந்த நான்கு.

இது புதிய வழக்கம் அல்ல. பழங்கால அரபு நாட்டில் தாயிஃப் அருகே கூடிய உக்காஸ் சந்தையில் வணிகமும் நடந்தது, கவிதை அரங்கும் நடந்தது. நம் ஊர்ச் சந்தைகளும் அப்படித்தான். சரக்கோடு செய்தியும், உறவும், கல்யாணப் பேச்சும் அங்கே கைமாறின. இன்று அந்தச் சந்தைக்குக் கூரை போட்டு, குளிர்சாதனம் வைத்து, மூன்று ஆண்டு முன்பே தேதி குறிக்கிறார்கள்.

இந்தத் துறையின் முக்கிய உலக அமைப்பான ஐ.சி.சி.ஏ. 1963இல் தொடங்கப்பட்டது. தலைமையிடம் ஆம்ஸ்டர்டாம். குறைந்தது 50 பேர் கலந்துகொள்ள வேண்டும், தொடர்ந்து நடைபெற வேண்டும், குறைந்தது மூன்று நாடுகளில் மாறி மாறி நடக்க வேண்டும். இந்த மூன்றும் பொருந்தும் கூட்டங்களைத்தான் அது சர்வதேச சங்க மாநாடாகக் கணக்கில் எடுக்கிறது. இந்தியாவில் மாநாடுகளை ஈர்ப்பதற்கான அமைப்பு 1988இல் உருவானது.

சுற்றுலாப் பயணியும் மாநாட்டு விருந்தினரும்

குடும்பத்தோடு சுற்றுலா வருபவர் சொந்தப் பணத்தைச் செலவு செய்கிறார். அதனால் அறை வாடகையில் பேரம் பேசுவார், சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வருவார். கோடை விடுமுறையிலும் பண்டிகை நாட்களிலும்தான் வருவார். மாநாட்டுக்கு வருபவரின் செலவைப் பெரும்பாலும் நிறுவனமோ சங்கமோ ஏற்கிறது. அவர் வார நாட்களில், மற்றவர்கள் வராத மாதங்களில், மொத்தமாக வருகிறார். எத்தனை பேர், எத்தனை நாள், எத்தனை வேளை சாப்பாடு என்பதெல்லாம் முன்பே தெரிந்துவிடும்.

ஓர் எளிய கணக்குப் போட்டுப் பார்க்கலாம். 200 பேர் இரண்டு நாள் தங்கும் ஒரு டீலர் கூட்டம். இருவருக்கு ஓர் அறை என்றாலும் 100 அறைகள் வேண்டும். மூன்று வேளை வீதம் 1,200 சாப்பாடு. நாளுக்கு இரண்டு முறை என்றால் 800 தேநீர். 50 பேர் அமரும் பேருந்து நான்கு. இவற்றோடு மேடை, ஒலிபெருக்கி, திரை, ஜெனரேட்டர், அச்சடித்த பை, அடையாள அட்டை, புகைப்படக்காரர், துப்புரவுப் பணியாளர், காவலாளி. கூட்டத்தை நடத்துவது ஒரே நிறுவனம்தான் என்றாலும் அதன் பணம் பத்துப் பதினைந்து தொழில்களுக்குப் பிரிந்து போகிறது.

தோல் வணிகர்களுக்குத் தெரிந்த பாடம்

நம் சமுதாயத்தில் இதன் அருமையை நன்கு அறிந்தவர்கள் ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, ராணிப்பேட்டை பகுதித் தோல் வணிகர்கள். சென்னையில் நடைபெறும் இந்திய சர்வதேசத் தோல் கண்காட்சி அவர்களுக்கு ஆண்டின் முக்கிய நிகழ்ச்சி. வெளிநாட்டுக் கொள்முதலாளர்களும் இயந்திர உற்பத்தியாளர்களும் ரசாயன நிறுவனத்தாரும் ஒரே இடத்துக்கு வருகிறார்கள். பத்து நாடுகளுக்குப் பறந்து பார்க்க வேண்டியவர்களை நந்தம்பாக்கம் வர்த்தக மையத்தில் சில நாட்களில் பார்த்துவிடலாம். சென்னை அடையாறில் உள்ள மத்தியத் தோல் ஆராய்ச்சி நிலையமும் அதையொட்டித் தன் ஆய்வரங்கை நடத்துகிறது. விலை பேசுவதும் புதிய முறைகளைக் கற்பதும் ஒரே வாரத்தில் நடந்துவிடுகின்றன.

மாநாட்டின் பெரிய பயன் இதுதான். ஹோட்டல் வருமானம் அந்த வாரத்தோடு முடிந்துவிடும். அங்கே கிடைத்த வாடிக்கையாளர் இருபது ஆண்டு நீடிக்கலாம்.

அறிவுத் துறைக்கும் இது பொருந்தும். 1973இல் திருச்சியில் நடந்த இஸ்லாமியத் தமிழ் இலக்கிய மாநாடு அதற்கு உதாரணம். தொடர்ந்து பல ஊர்களில் இத்தகைய மாநாடுகள் கூடின. பழைய காப்பியங்களும் கிஸ்ஸாக்களும் மீண்டும் பேசப்பட்டதற்கும் ஆய்வு செய்யப்பட்டதற்கும் அவை பெரும் காரணம்.

பெரிய எண்களைப் பார்த்து மயங்க வேண்டாம்

மாநாடு நடந்தாலே ஊர் செழித்துவிடும் என்று சொல்வதும் சரியல்ல. 2015 முதலீட்டாளர்கள் மாநாட்டில் 2.42 லட்சம் கோடி ரூபாய்க்கும், 2024 ஜனவரி மாநாட்டில் 6.64 லட்சம் கோடி ரூபாய்க்கும் முதலீட்டு வாக்குறுதிகள் வந்ததாக அரசு அறிவித்தது. புரிந்துணர்வு ஒப்பந்தம் என்பது வாக்குறுதி மட்டுமே. தொழிற்சாலை எழுந்து, ஆள் எடுத்து, சம்பளம் கொடுத்த பிறகுதான் அது முதலீடு.

இரண்டாவது ஆபத்து, திடீரென்று நின்றுபோவது. 2020 பிப்ரவரியில் பார்சிலோனாவின் உலகப் புகழ்பெற்ற மொபைல் மாநாடு கொரோனாவால் ரத்தானது. லட்சம் பேர் வரவேண்டிய ஊர் வெறிச்சோடியது. அதே ஆண்டு சென்னை வர்த்தக மையமே கொரோனா சிகிச்சை மையமாக மாறியது. மாநாடுகளை மட்டும் நம்பியிருந்த சமையல்காரர்களும் பந்தல்காரர்களும் பல மாதம் வருமானமின்றித் தவித்தார்கள்.

மூன்றாவது, பாதுகாப்பு. விராலிமலையில் இருவர் இறந்ததை முதலிலேயே சொன்னதற்குக் காரணம் உண்டு. எவ்வளவு பெரிய சாதனையும் ஓர் உயிருக்கு ஈடாகாது. வருபவர் எண்ணிக்கைக்கு ஏற்ற இடம், வெளியேறும் வழி, மருத்துவக் குழு ஆகியவை இல்லாத கூட்டத்தை எந்த ஊரும் ஏற்கக் கூடாது.

விராலிமலைக்கு என்ன இருக்கிறது?

சென்னையோடும் ஹைதராபாத்தோடும் விராலிமலை போட்டியிட முடியாது. அங்கே பெரிய மாநாட்டு அரங்கம் இல்லை. ஆனால் மாநாடு என்றாலே ஐயாயிரம் பேர் என்று நினைக்க வேண்டியதில்லை. ஐம்பது பேர் முதல் முந்நூறு பேர் வரை கூடும் கூட்டங்களும் உண்டு. அவற்றுக்கு நடுவில் ஓர் ஊர், நல்ல சாலை, சுத்தமான கூடம், ருசியான சாப்பாடு இருந்தால் போதும்.

திருச்சி - மதுரை தேசிய நெடுஞ்சாலையில், திருச்சியிலிருந்து சுமார் 30 கிலோமீட்டரில் விராலிமலை இருக்கிறது. திருச்சி விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், கோலாலம்பூர், கொழும்பு, வளைகுடா நகரங்களுக்கு நேரடி விமானங்கள் உண்டு. அதன் புதிய முனையம் 2024 ஜனவரி 2 அன்று திறந்துவைக்கப்பட்டது. திருச்சியின் புதிய ஒருங்கிணைந்த பேருந்து முனையம் அமைந்துள்ள பஞ்சப்பூரும் இதே மதுரைச் சாலையில்தான். விராலிமலையில் ஐ.டி.சி. உள்ளிட்ட நிறுவனங்களின் தொழிற்சாலைகள் உள்ளன. திருச்சியில் பெல், என்.ஐ.டி., ஐ.ஐ.எம்., பாரதிதாசன் பல்கலைக்கழகம், ஜமால் முகமது கல்லூரி இருக்கின்றன. பயிற்சி வகுப்பு, டீலர் கூட்டம், ஆய்வரங்கம் நடத்துபவர்கள் இவர்களே.

கூட்டம் முடிந்து அரை நாள் சுற்றிப் பார்க்கவும் இடங்கள் உண்டு. விராலிமலையின் மயில்கள், பக்கத்தில் கொடும்பாளூர் மூவர் கோயில், சித்தன்னவாசல் ஓவியங்கள், திருமயம் கோட்டை, அதன் அருகே காட்டுபாவா பள்ளிவாசல், திருச்சியில் நத்தர்வலி தர்கா. வெளியூர்க்காரருக்கு இவை ஒவ்வொன்றும் புதுமை.

காலியாகக் கிடக்கும் மண்டபங்கள்

அரங்கம் இல்லையே என்றால், கல்யாண மண்டபம் இருக்கிறதே! முகூர்த்த நாட்களில் மண்டபம் கிடைக்காது. மற்ற நாட்களில் பூட்டிக் கிடக்கும். ஆடியிலும் மார்கழியிலும் இந்துக் குடும்பங்களில் கல்யாணம் குறைவு. ரமலானில் நம் வீடுகளில் கல்யாணம் அநேகமாக இல்லை. முகூர்த்தம் இல்லாத வார நாட்களிலும் கல்யாணம் குறைவு. நிறுவனங்கள் கூட்டம் நடத்துவதோ வார நாட்களில்தான். கல்யாண நாட்காட்டியில் காலியாக இருக்கும் நாட்கள் மாநாட்டு நாட்காட்டிக்குப் பொருந்தி வருகின்றன. புதிதாகக் கட்டிடம் கட்டக் கடன் வாங்குவதற்கு முன் மண்டப உரிமையாளர்கள் இதை யோசிக்கலாம்.

தேவையான மாற்றங்கள் பெரியவை அல்ல. தடையில்லா மின்சாரம், நல்ல இணைய இணைப்பு, எதிரொலிக்காத ஒலியமைப்பு, ஆண் பெண் இருபாலருக்கும் சுத்தமான கழிப்பறை, வாகனம் நிறுத்த இடம், சக்கர நாற்காலி ஏறச் சாய்தளம். ஒளூ செய்யவும் தொழவும் ஒரு சிறிய அறை ஒதுக்கினால் மலேசியாவிலிருந்தும் வளைகுடாவிலிருந்தும் வரும் விருந்தினர்கள் கேட்காமலே மகிழ்வார்கள்.

நம் குடும்பங்கள் செய்யக்கூடியவை

பிரியாணி மாஸ்டர்கள், பந்தல் அமைப்பாளர்கள், வேன் உரிமையாளர்கள், டிராவல்ஸ் நடத்துபவர்கள், அச்சகத்தார் என நம்மில் பலர் ஏற்கெனவே இந்தத் தொழிலின் ஓரத்தில் இருக்கிறோம். அதன் உள்ளே செல்ல சில படிகள் இருக்கின்றன.

முதலாவது, ரசீது. நிறுவனம் கையில் எழுதிய துண்டுச் சீட்டுக்குப் பணம் தராது. ஜி.எஸ்.டி. பதிவு, உணவுத் தொழில் என்றால் உணவுப் பாதுகாப்பு உரிமம், தொழிலின் பெயரில் வங்கிக் கணக்கு ஆகியவை வேண்டும். கைமணம் இருந்தும் பலர் பின்தங்குவது இந்த இடத்தில்தான்.

இரண்டாவது, பாக்கி. கல்யாண வீட்டில் அன்றே பணம் கிடைத்துவிடும். நிறுவனங்கள் பல வாரம் இழுக்கும். உத்யம் தளத்தில் பதிவு செய்த சிறு தொழில்களுக்கு 2006ஆம் ஆண்டுச் சட்டம் பாதுகாப்புத் தருகிறது. எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாட்களுக்கு மேல் பணத்தை நிறுத்தி வைக்க முடியாது. தாமதித்தால் முறையிடலாம். முன்பணத்தை எழுதி வாங்கிக்கொள்வது இன்னும் நல்லது. கடன் வாங்கி அரிசி இறக்கிவிட்டு, பணம் வராமல் தவிக்கும் நிலை வரக்கூடாது.

மூன்றாவது, ஒன்றுசேர்வது. 200 பேர் கூட்டத்தைத் தனி ஒரு வேன்காரரால் எடுக்க முடியாது. சமையல், வாகனம், மண்டபம், ஒலியமைப்பு நடத்தும் நான்கு பேர் மத வேறுபாடின்றிச் சேர்ந்து ஒரே விலைப்பட்டியல் கொடுத்தால் எடுக்கலாம். வேலை கொடுப்பவருக்கும் ஒருவரிடம் பேசினால் போதும்.

நான்காவது, படிப்பு. ஹோட்டல் நிர்வாகம், நிகழ்ச்சி மேலாண்மை என்றால் நம் வீடுகளில் தயக்கம் உண்டு. ஆனால் பதிவு மேசை, விருந்தினர் தொடர்பு, கணக்கு, மொழிபெயர்ப்பு, அழைப்பிதழ் வடிவமைப்பு எனப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், மதிப்போடு செய்யக்கூடிய பணிகள் இதில் நிறைய. சிலவற்றை வீட்டிலிருந்தே செய்யலாம்.

இனாம்குளத்தூரில் அத்தனை பெரிய கூட்டத்துக்கு வாகன நிறுத்தம், தண்ணீர், சமையல், துப்புரவு என்று பொறுப்பேற்று உழைத்தவர்களில் பெரும்பாலோர் ஊதியம் வாங்காத தன்னார்வலர்கள். இறைவனுக்காகச் செய்த அந்தப் பணிக்கு யாரும் விலை பேச வேண்டியதில்லை. ஆனால் அந்தப் பணியில் பழகிய ஒழுங்கும் நேரம் தவறாமையும் ஒரு திறமை. அதைச் சான்றிதழும் ரசீதும் சேர்த்துத் தொழிலாகவும் நடத்த நம் இளைஞர்கள் கற்றுக்கொண்டால், பிழைப்புக்காக விமானம் ஏறுபவர்களில் சிலராவது ஊரிலேயே தங்க வழி பிறக்கும், இன்ஷா அல்லாஹ்.