வருத்தமும் மன்னிப்பும்

போர்க்காலத்தில் இழைத்த கொடுமைக்காக ஒரு நாடு பின்னாளில் மன்னிப்புக் கேட்க வேண்டுமா? விடுதியில் இப்பேச்சு எழுந்தால், ‘கேட்டுவிட்டால் செத்தவர் பிழைத்து வருவாரோ?’ என்று யாராவது ஒரு நண்பர் மடக்குவார். வரமாட்டார்தான். ஆயினும், அந்த ஒரு சொல்லைச் சொல்லாமல் தப்புவதற்கு அரசுகள் எவ்வளவு பாடுபடுகின்றன என்று பார்த்தால், அது வெறும் சொல் அன்று என்பது விளங்கிவிடும்.

தமிழில் வருத்தம் வேறு; மன்னிப்பு வேறு. சாவு வீட்டுக்குச் செல்பவர் எவரும் ‘வருந்துகிறேன்’ என்று கூறலாம். ‘மன்னியுங்கள்’ என்று கூறக் கடமைப்பட்டவன் கொலை செய்தவன் ஒருவனே. இந்த வேறுபாட்டை அரசுகள் நம்மினும் நன்றாக அறியும்.

1972 ஜனவரி 30ஆம் நாள் வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்கள்மீது பிரிட்டிஷ் படையினர் சுட்டனர். 13 பேர் அன்றே மாண்டனர். நெடிய விசாரணைக்குப் பின், 2010 ஜூனில் பிரதமர் டேவிட் கேமரன் நாடாளுமன்றத்தில் எழுந்து, அச்செயலுக்கு எந்த நியாயமும் இல்லையென்று ஒப்பி, அரசின் பெயரால் மன்னிப்புக் கேட்டார். அதே கேமரன் 2013 பிப்ரவரியில் அமிர்தசரசுக்கு வந்தார். அங்கே ஜாலியன்வாலா பாகில் 1919 ஏப்ரல் 13 அன்று மாண்டவர் பிரிட்டிஷார் கணக்குப்படியே 379 பேர். கேமரன் மலர் வளையம் வைத்தார். தலை குனிந்து நின்றார். வெட்கத்துக்குரிய நிகழ்ச்சி என்று ஏட்டில் எழுதினார். மன்னிப்பு மட்டும் கேட்கவில்லை. தாம் பிறப்பதற்கு நாற்பது ஆண்டுகட்கு மேல் முந்தி நடந்தது, சர்ச்சிலே அப்போது அதைக் கண்டித்துவிட்டார் என்பன அவர் சொன்ன காரணங்கள். 2019இல் நூற்றாண்டு வந்தபோது பிரதமர் தெரசா மே ஆழ்ந்த வருத்தம் வரையில் வந்தார். அதற்கு மேல் ஓரடியும் வைக்கவில்லை. இவ்விரண்டு ஊர்களும் போர்க்களங்கள் அல்ல. ஆயினும் சொல்லின் எடையை நிறுக்க இதைவிட நல்ல தராசு எனக்குக் கிடைக்கவில்லை.

‘நான் பிறப்பதற்கு முன் நடந்தது’ என்னும் வாதத்தைச் சற்று நின்று பார்ப்போம். டெரியில் துப்பாக்கி வெடித்தபோது கேமரனுக்கு வயது ஐந்து. ஐந்து வயதுப் பிள்ளை அதற்குப் பொறுப்பாகுமா? ஆகாது. 2010இல் மன்னிப்புக் கேட்டது கேமரன் என்னும் மனிதர் அன்று, பிரிட்டிஷ் அரசு. மனிதர் மாறினும் அரசு மாறுவதில்லை. பழைய உடன்படிக்கைகளைத் தன்னுடையவை என்கிறது; பழைய கடனுக்கு வட்டி கட்டுகிறது. முதல் உலகப் போருக்காக வாங்கிய கடனில் எஞ்சியிருந்ததைப் பிரிட்டன் தீர்த்தது 2015ஆம் ஆண்டில்தான்! கேமரன் அமிர்தசரசில் நின்ற நாளில், ஜாலியன்வாலா பாகுக்கு முந்திய போரின் கடன் கணக்கில் உயிரோடு இருந்தது. வீட்டை எடுத்துக்கொள்பவன் அதன்மேலுள்ள அடமானத்தையும் எடுத்துக்கொள்ளத்தான் வேண்டும்.

ஜப்பானின் கதை இன்னும் சிக்கலானது. ஜப்பான் மன்னிப்பே கேட்டதில்லை என்று பலர் கூறுவர், அது சரியன்று. போர்க்காலத்தில் படையினரின் இச்சைக்காகப் பெண்கள் அடைத்து வைக்கப்பட்டதை, 1991இல் கிம் ஹக்-சூன் என்னும் கொரிய மூதாட்டி தம் பெயரையும் முகத்தையும் மறைக்காமல் உலகறியச் சொன்னார். அதன் பின் 1993இல் அமைச்சர் கோனோ அதில் படைக்கிருந்த பங்கை ஒப்பி மன்னிப்பு வேண்டினார். 1995 ஆகஸ்ட் 15இல் பிரதமர் முராயாமா, ஆசிய நாடுகளில் ஜப்பான் நடத்திய குடியேற்ற ஆட்சிக்கும் படையெடுப்புக்குமாக மனமார்ந்த மன்னிப்புக் கேட்டார். 2005 ஆகஸ்டில் கொய்சுமியும் அதையே கூறினார். ஆனால் அதே ஆண்டு அக்டோபரில் அவர் யாசுகுனி ஆலயத்துக்குச் சென்று வணங்கினார். தூக்கிலிடப்பட்ட தோஜோ முதலான முதல்தரப் போர்க் குற்றவாளிகள் பதினால்வர் 1978 முதல் வைத்து வழிபடப்படும் இடம் அது. ஆகஸ்டில் தந்ததை அக்டோபரில் திரும்ப வாங்கிக்கொண்டால் சீனரும் கொரியரும் எதை நம்புவர்?

அறிவியல் மாணவனாகிய எனக்கு இதில் மிகவும் உறைத்தது வேறொரு செய்தி. மஞ்சூரியாவில் 731 என்னும் எண் கொண்ட படைப்பிரிவு, பிளேக் முதலிய நோய்க்கிருமிகளை உயிருள்ள கைதிகள்மீது சோதித்தது. செய்தவர்கள் மருத்துவர்கள், ஆராய்ச்சியாளர்கள். போர் முடிந்ததும் அமெரிக்கா அவர்களுடைய ஆராய்ச்சிக் குறிப்புகளைப் பெற்றுக்கொண்டு, அவர்களை விசாரணையிலிருந்து விட்டுவிட்டது. 2002இல் டோக்கியோ நீதிமன்றம், சீனாவில் கிருமிப்போர் நடந்தது உண்மையே என்று தீர்ப்பில் எழுதியது; வழக்குத் தொடுத்த சீனர்களுக்கு இழப்பீடு தர மறுத்தது. சோதனைக்கூடத்தில் நமக்குச் சொல்லித்தரும் முதற்பாடங்களில் ஒன்று: குறிப்பேட்டில் பிழை நேர்ந்தால் தாளைக் கிழிக்காதே; படிக்கும்படியாக ஒரே கோடு அடித்து, சரியானதைப் பக்கத்தில் எழுதிக் கையொப்பமிடு. 731இன் தாளைக் கிழித்தவர்கள் தோற்றவர் மட்டுமல்லர். வென்றவர் மன்னிப்புக் கேட்பது அதனினும் அரிது. 2016இல் ஒபாமா ஹிரோஷிமாவுக்குச் சென்றபோதும் அச்சொல் வரவில்லை.

ஜெர்மனியை எடுத்துக்காட்டும்போது எல்லாரும் வில்லி பிராண்டைக் கூறுவர். 1970 டிசம்பர் 7இல் வார்சா யூதர் நினைவிடத்தில் அவர் வாய் திறவாமல் மண்டியிட்டார். இவரோ நாஜிகளை எதிர்த்து நாட்டை விட்டு ஓடியவர். மண்டியிட வேண்டிய குற்றம் எதுவும் அவரிடத்தில் இல்லை. அப்போது எடுத்த ஒரு கருத்துக்கணிப்பில் மேற்கு ஜெர்மானியருள் 48 விழுக்காட்டினர், இது மிகை என்றனர். பெருமைப்படத்தக்க செயல் என்று அந்நாட்டார் இன்று சொல்வதைக் கொண்டு, அன்றே கைதட்டினர் என்று நாம் எண்ணிவிடக் கூடாது.

எனக்கு இதைவிடப் பிடித்தது புகழ் பெறாத ஒரு சிற்றூரின் கதை. மேற்கு ஜாவாவில் ராவாகெடே என்பது ஊர். 1947 டிசம்பர் 9இல் டச்சுப் படையினர் அவ்வூர் ஆண்களை வரிசையில் நிறுத்திச் சுட்டனர். ஊரார் கணக்கு 431. கணவரை இழந்த பெண்கள் சிலர், மூதாட்டிகளாகிவிட்ட பிறகு, ஹேக் நகர நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். காலம் கடந்துவிட்டது என்றது நெதர்லாந்து அரசு. அவ்வாதம் செல்லாது என்று 2011இல் தீர்ப்பாயிற்று. அவ்வாண்டு டிசம்பர் 9இல், அதே ஊரில், டச்சுத் தூதர் நின்று மன்னிப்புக் கேட்டார். தலைக்கு 20,000 யூரோ இழப்பீடும் கிடைத்தது. பொதுவாக இந்தோனேசியாவில் நடந்த வன்செயல்களுக்கு மன்னரும் பிரதமரும் மன்னிப்புக் கேட்டது 2020இலும் 2022இலும்தான். முதலில் வந்தது ஓர் ஊர், ஒரு தேதி, எண்ணத்தக்க சில முகங்கள். கேட்பவன் யாரிடம், எதற்காகக் கேட்கிறான் என்பதில் அங்கே ஐயமே இல்லை.

இந்த அளவுகோலை வைத்துக்கொண்டு நம்மவர் பக்கம் திரும்பினால் மனம் கனக்கிறது. 1942-43இல் ஜப்பானியர் சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் ரயில் பாதை அமைத்தனர். 60,000க்கு மேற்பட்ட போர்க் கைதிகளும், அவர்களைப்போல் மூன்று மடங்குக்குக் குறையாத ஆசியத் தொழிலாளரும் அதில் வாட்டப்பட்டனர். மலாயாவிலிருந்து கொண்டு செல்லப்பட்டவருள் பெரும்பாலோர் ரப்பர் தோட்டத் தமிழர். கைதிகளில் 12,000 பேருக்கு மேல் இறந்தனர். தொழிலாளரில் இறந்தவர் 80,000 முதல் ஓரிலட்சம் வரை இருக்கலாம் என்பர். வாந்திபேதி வந்தபோது கைதிகளுக்காவது உடன் சிறைப்பட்ட மருத்துவர்கள் இருந்தனர். தோட்டத்திலிருந்து வந்தவனுக்கு யார் இருந்தார்? காஞ்சனாபுரிக் கல்லறைத் தோட்டத்தில் கைதிகளுக்குப் பெயர் பொறித்த வரிசை வரிசையான கற்கள் உண்டு. தமிழருக்கு அப்படி இல்லை.

1998இல் ஜப்பானியப் பிரதமர் ஹஷிமோட்டோ பிரிட்டிஷ் கைதிகள் பட்ட துன்பத்துக்காகப் பிரதமர் பிளேரிடம் மன்னிப்புத் தெரிவித்தார். 2000இல் பிரிட்டிஷ் அரசு தன் கைதிகளுக்குத் தலைக்கு 10,000 பவுன் வழங்கியது. தமிழனும் அன்று அதே முடியரசின் ஆட்சியில் வாழ்ந்தவன்தானே! சுதந்திர இந்தியா 1952இல் ஜப்பானுடன் செய்த உடன்படிக்கையில் இழப்பீட்டு உரிமை அனைத்தையும் விட்டுக்கொடுத்தது. மலேசியாவுக்கு ஜப்பான் 1967இல் 2 கோடியே 50 இலட்சம் வெள்ளி தந்தது. அதற்கு நல்லெண்ணத் தொகை என்று பெயர் வைத்து, கப்பல்களாகக் கொடுத்தது. கணவனையும் மகனையும் பாதைக்கு அனுப்பிவிட்டுத் தோட்ட லயத்தில் காத்திருந்தவளுக்குக் கப்பலால் என்ன பயன்? முராயாமாவின் ‘ஆசிய நாடுகளின் மக்கள்’ என்னும் தொடருக்குள் அவளும் அடக்கம் என்று வழக்கறிஞர் வாதிடலாம். நாம் கேட்க வேண்டியது அதனினும் சிறிய ஒரு வாக்கியம்: சயாம்-பர்மா ரயில் பாதை, 1942-43, மலாயாத் தமிழர் என்னும் சொற்கள் அதில் இருக்க வேண்டும், ஜப்பானிய அரசின் கையொப்பம் அடியில் இருக்க வேண்டும்.